பாரிசுக்கு ஒருக்கால் போய் வருவோம்



கோடை விடுமுறை கிட்ட வருகிறது. எங்கள் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே பேச்சு, யார் எங்கே போகிறார்கள் என்பதுதான். துருக்கிக்காரர் ஊருக்குப் போகிறார். போலந்துக்காரரும் ஊருக்குப் போகிறார். "நீ எங்கே?" என்று கேட்டால் முந்தி நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். அகதியாக வந்த எங்களுக்கு ஊர்ப்பக்கம் போக வழியில்லை. ஆனால் தென் ஜேர்மனியில் இருக்கிற எங்களுக்கு மூன்று, நான்கு மணித்தியால ரெயின் ஓட்டத்தில் பாரிஸ் இருக்கிறது. அங்கே ஒரு சொந்தமும் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களுக்காக இந்த முறை அதைப் பற்றி எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. சண்டை நேரம் ஓ.எல். எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவன். பட்டு அறிந்ததைத்தான் சொல்ல முடியும்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

மனைவியின் சின்னம்மா பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னேவ் என்ற இடத்தில் இருக்கிறா. தாயில்லாத என் மனைவியை வளர்த்தவ அவதான். மனைவிக்கு ஏழு வயதாக இருக்கும்போது, 1998இல், மாமி வெளிக்கிட்டவ. அதன் பிறகு ரெலிபோனில் கேட்ட குரல்தான். மனைவியும் மகளும் 2022இல் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். 2024 ஈஸ்டர் விடுமுறைக்கு மாமியிடம் போவதென்று ஸ்ருட்காட்டில் ரெயின் ஏறினோம். எங்கள் இருவருக்கும் மகளுக்கும் நீலநிற அகதிப் பிரயாணப் பத்திரம் இருந்தது. எட்டு மாதக் கைக்குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் மட்டும்தான். தாயின் மடியில் கிடக்கிற பிள்ளைக்கு யார் பத்திரம் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்டார்கள். ஸ்ராஸ்பூர்க்கில் எங்களை இறக்கி, அடுத்த ரெயினில் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த நேரம் பார்த்து மாமி ரெலிபோன் எடுத்தா. "சோறு கறியெல்லாம் ஆறுது பிள்ளை, எங்கை நிக்கிறியள்?" மனைவி ஒன்றும் சொல்லாமல் போனை என் கையில் தந்தா. அன்று வந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே பயணம் என்றால் முதல் வேலை பத்திரம். குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரயாணப் பத்திரம் வேண்டும். அதோடு வதிவிட அட்டையும் கையில் இருக்க வேண்டும். இரண்டிலும் திகதி முடிகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்க வாரக்கணக்கில் எடுக்கும். எல்லையில் ஒருவரும் நிற்பதில்லை என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். அது அந்தக் காலம். 2015 நவம்பரில் பிரான்சும், 2024 செப்ரெம்பரில் ஜேர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கிவிட்டன.

இன்னொன்று. வழக்கு முடியாதவர்கள் கோபிக்க வேண்டாம். அகதி விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிற அட்டையோடு எல்லை தாண்ட முடியாது. டுல்டுங் வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த டுல்டுங்கே இல்லாமல் போய்விடும். "ஒரு நாள்தானே" என்று யாராவது காரில் கூப்பிட்டால் போகாதீர்கள். பாரிஸ் எங்கேயும் ஓடிப்போகாது. உங்கள் அட்டையில் இடக் கட்டுப்பாடு எழுதியிருக்காவிட்டால், இந்தக் கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போய் வாருங்கள்.

நாங்கள் பிள்ளையின் பத்திரம் எடுத்து, 2025 ஓகஸ்டில் மறுபடி வெளிக்கிட்டோம். இந்த முறை மூன்று மாதத்துக்கு முன்பே ரிக்கற் எடுத்தேன். கடைசி வாரத்தில் எடுப்பதை விட நல்ல மலிவு. எடுத்தபின் மாற்ற முடியாத ரிக்கற்றும் உண்டு. ஆகவே முதலில் தொழிற்சாலையில் லீவு எழுதி வாங்கிக்கொண்டு பிறகு காசைக் கட்டுங்கள்.

பாரிஸ் பெரிய நகரம்தான், ஆனால் விளங்கிக்கொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. நகரத்தை 20 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் 1இல் தொடங்கி நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வெளியே 20இல் முடியும். விலாசத்தில் தபால் எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் வட்டாரத்தின் எண். 75018 என்றால் 18ஆம் வட்டாரம். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஸ்ருட்காட் ரெயின் கார் து லெஸ்ற் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து லாச்சப்பலுக்கு நடந்தே போகலாம். மெற்றோவுக்கு இப்போது நவிகோ ஈசி என்ற அட்டையில் ரிக்கற் ஏற்றுகிறார்கள். அட்டை 2 யூரோ. ஒரு அட்டையில் இரண்டு பேர் போக முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். 2025 ஜனவரியில் ஒரு பயணத்துக்கு 2 யூரோ 50 சதம் ஆக்கினார்கள். பிறகும் ஏறும், போகமுன் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுக்குக் கீழே இலவசம். மெற்றோ நிலையங்களில் படிகள் அதிகம், லிப்ற் குறைவு. குழந்தை வண்டில் கொண்டு போகிறவர்களுக்கு பஸ் சுகம். நெரிசலில் பத்திரங்களை முதுகுப் பையில் வைக்க வேண்டாம். சட்டைக்கு உள்ளே கொழுவுகிற சின்னப் பை வாங்குங்கள். காசு போனால் உழைக்கலாம். பத்திரம் போனால் எத்தனை அலுவலகம் ஏற வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவோரம் பச்சை நிற இரும்புக் குழாய்கள் நிற்கும். 1872இல் வைக்கத் தொடங்கியவை. கோடையில் அதில் வருவது நல்ல குடிதண்ணீர். நாங்கள் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போய்ப் பூங்காவில் இருந்து சாப்பிட்டோம்.

லாச்சப்பலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. முருங்கைக்காய், சேலை, நகை எல்லாம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் பஜோல் வீதியில் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிகிற நேரம் தேர் வரும்போது வீதியெல்லாம் தேங்காய் உடையும். ஆனால் எங்கள் ஆட்களில் பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். மூன்று முறை பாரிஸ் போன ஒருவரை எனக்குத் தெரியும். ஈபிள் கோபுரத்தை ரெலிவிசனில்தான் பார்த்திருக்கிறார்! பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய் என்ன சொல்லுவார்கள்? மூன்று நாள் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் சொந்தத்துக்கு, ஒரு நாள் கடைக்கும் கோயிலுக்கும், ஒரு நாள் நகரத்துக்கு என்று முதலே பிரித்துவிடுங்கள். நோத்ர டாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போகக் காசில்லை.

மாமியின் வாசலில் நடந்ததை எழுத எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் அரை மணித்தியாலம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமி மனைவியின் தலையைத் தடவிக்கொண்டே நின்றா.

அடுத்த நாள் கோபுரத்துக்கு நாங்கள் முதலே ரிக்கற் எடுத்திருந்தோம். மாமிக்கும் சேர்த்து. "எனக்கேன் தம்பி, நீங்கள் போட்டு வாங்கோ" என்றா. கேட்டால், 27 வருடத்தில் ஒரு முறையும் போனதில்லை! காலை ஐந்து மணிக்கு அலுவலகம் துடைக்கிற வேலை, பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. எங்கே நேரம்?

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனோம். 7ஆம் இலக்க மெற்றோவில் ஸ்ராலின்கிராட், அங்கிருந்து 2இல் எத்துவால், பிறகு 6. அந்த 6 பாலத்தில் ஆற்றைக் கடக்கும்போது கோபுரம் பக்கத்தில் முழுதாகத் தெரியும். இரண்டாம் தட்டுக்குப் படியால் ஏறினால் 674 படி. மாமியின் முழங்காலுக்காக லிப்ற்றில் போனோம்.

மேலே நின்று எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். மாமி மேற்குப் பக்கம் போய், தூரத்தில் தெரிந்த லா டிபோன்ஸ் கண்ணாடிக் கட்டடங்களைக் கனநேரம் பார்த்தா. பிறகு என் மகளைக் கூப்பிட்டு, "அந்தா பிள்ளை, அதிலை ஒண்டை நான் பதினொரு வருசம் துடைச்சனான். இவ்வளவு வடிவெண்டு இண்டைக்குத்தான் தெரியுது" என்றா.

திரும்பி வரும் ரெயினில் யோசித்துப் பார்த்தேன். இதுவரை நாங்கள் போன பயணமெல்லாம் ஓடியதுதான். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவருக்கும் தெரியாது. திரும்பி வருகிற ரிக்கற் பையில் இருக்கப் போனது இதுதான் முதல் தடவை. எல்லையில் பத்திரம் கேட்டார்கள். நான்கையும் எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, நல்ல பயணம் என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள்.

உங்கள் பத்திரங்களின் திகதியை இன்று இரவே பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.