இரவல் ஏக்கம்

தஞ்சாவூரிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். விடியற்காலை மூன்று மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டால் காலைப் பலகாரத்தை மலைமேல் சாப்பிடலாம். ஏரியைச் சுற்றிவிட்டு நான்கு மணிக்கு இறங்கி, இரவு பத்து பதினோரு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம். செலவை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டால் வங்கிக் குமாஸ்தாவுக்கும் கட்டுப்படியாகும். 2025 கோடையில் நாங்கள் நால்வர் அப்படிப் போனோம். நால்வரும் எழுதுகிறவர்கள். அதுதான் வினை.

போய்வந்த சில மாதங்களுக்குள் விளைச்சல் அச்சேறிவிட்டது. ஒருவர் ஏழு கவிதைகள் எழுதினார். இன்னொருவர் பயணக் கட்டுரை. மூன்றாமவர் மௌனத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மூன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். மூன்றிலும் மூடுபனி இருக்கிறது. பைன் மரம் இருக்கிறது. ஏரி கண்ணாடியாக இருக்கிறது. கவிஞர் தன்னந்தனியாக இருக்கிறார். பன்னிரண்டு மணி நேரம் அவர் முழங்கை என் விலாவில் இருந்தது எனக்குத்தான் தெரியும். அந்த ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, வார இறுதியில் நாளுக்கு 6000 வாகனங்களுக்கு மேல் கொடைக்கானலுக்கு விடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் வரம்பு போட்டிருந்தது. அந்த ஆறாயிரத்தில் ஒன்றில், இ-பாஸ் எடுத்துக்கொண்டு, ஏறியவர்கள் நாங்கள். எங்களுக்கு வாய்த்த தனிமை இதுதான்.

நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். இவர்கள் பொய் எழுதினார்கள் என்பது என் குற்றச்சாட்டு அல்ல. பார்த்ததைத்தான் எழுதினார்கள். எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதே கேள்வி.

முதலில் ஒரு தப்பர்த்தத்தை விலக்கிவிடுகிறேன். ஒரு நாள் போதாது, மலையை அறிய அங்கேயே வருஷக்கணக்கில் கிடக்கவேண்டும் என்பது என் கட்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாள் கிடைக்காதவனிடம் அப்படிச் சொல்வது மேட்டிமைத்தனம். வேர்ட்ஸ்வொர்த்துக்கே அது இருந்தது. 1844-இல் தன் ஏரிப் பிரதேசத்துக்கு ரயில் பாதை வரக்கூடாது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ரயிலில் வந்து ஒருநாள் சுற்றிப் போகிற பாமர ஜனத்துக்கு இயற்கையை ரசிக்கிற பக்குவம் கிடையாது என்பது அவர் வாதம். அந்தப் பாமரர்களில் ஒருவன் நான். ஒருநாள் பயணத்தை யாரும் எனக்கு மறுக்க வேண்டாம்.

அதே வேர்ட்ஸ்வொர்த் இருபது வயதில் செய்த வேறொரு காரியம் இங்கே பொருத்தமானது. 1790-இல் ஒரு நண்பருடன் கால்நடையாக ஆல்ப்ஸைக் கடக்கப் போனார். சிம்ப்ளான் கணவாயில் வழி தவறி, இன்னும் மேலே ஏறவேண்டும் என்று எண்ணி நின்றவரிடம் ஒரு குடியானவன் சொல்லித்தான் தெரிந்தது, ஆல்ப்ஸை ஏற்கனவே கடந்தாகிவிட்டது, இனி இறக்கம்தான் என்று. 'பிரெலூட்' காவியத்தின் ஆறாம் பகுதியில் இது வருகிறது. அவ்வளவு கனவு கண்ட இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிட்டதை மறைக்காமல் எழுதினார். எதிரே இருந்த மலைக்கும் மனத்தில் கொண்டுபோன மலைக்கும் நடுவே விழுந்த பள்ளம்தான் அவருடைய கவிதை. பி.ஏ. ஆங்கிலத்தில் இதைப் பாடமாகப் படித்துப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியவர்கள் எங்கள் காரில் இருவர் இருந்தோம். எங்கள் பள்ளத்தைப் பற்றி இருவருமே ஒரு வரி எழுதவில்லை.

எங்களுக்கும் குடியானவன் இல்லாமல் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்சீட்டில் இருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். தென்னந்தோப்பு வைத்திருந்தவர். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் தோப்பைப் படுக்கவைத்துவிட்டது. தவணையில் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். மலைப்பாதையில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி நாங்கள் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்:

"கஜா எங்க தோப்ப முடிச்சுட்டு இப்படித்தான் சார் ஏறிச்சு. இங்கயும் மரம் சாஞ்சு, மண்ணு சரிஞ்சு, ஆளு போயிருக்கு. ஒரே காத்துதான்."

நான் "அப்படியா" என்றேன். பிறகு ஃபோனை அவரிடம் கொடுத்து எங்கள் நால்வரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

அவர் சொன்னது உண்மை. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் டெல்டாவைத் தாண்டி, திண்டுக்கல் வழியாக இந்த மலையிலும் அடித்துவிட்டுத்தான் மேற்கே போனது. எங்கள் வயலும் இந்த மலையும் ஒரே காற்றின் பாதையில் இருக்கின்றன. அவர் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஏழு கவிதைகளில் அந்தக் காற்று இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். பழனி மலைத்தொடரின் தென்சரிவு வைகைக்கு இறங்குகிறது. வடசரிவின் ஓடைகள் கூடிச் சண்முகாநதியாகி அமராவதியில் விழுகின்றன. அமராவதி கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. ஆக, அந்த மலைமேல் பெய்வதில் ஒரு பங்கு எங்கள் வயலுக்கு வரவேண்டிய தண்ணீர். சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்து மெல்லமெல்ல விட்டால்தான் மழை நின்ற பிறகும் ஓடையில் நீர் இருக்கும். நண்பர் உருகிய பைன் அந்த மண்ணுக்கு வந்தேறி. வெள்ளைக்காரர் காலத்து வரவு. தைலமரமும், தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த வாட்டிலும் புல்வெளிகளை ஏக்கர் ஏக்கராகத் தின்றிருக்கின்றன. கவிதையில் பைன் ஆதி மௌனத்தின் குறியீடாக நிற்கிறது.

என் நண்பரைக் குறைத்துச் சொல்லமாட்டேன். மேட்டூர் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். 120 அடி எப்போது தொட்டது, ஜூன் 12-இல் எந்தெந்த வருஷம் மதகு திறந்தது, எல்லாம் மனப்பாடம். குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்பதில் அவர் வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. என் கவுண்டருக்கு எதிரே நகைக்கடனுக்கு நிற்கிற வரிசையை வைத்தே அந்த வருஷ சாகுபடியை நான் சொல்லிவிடுவேன். தண்ணீரைப் பார்க்கத் தெரிந்த மனிதர்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்கள் 7000 அடி உயரத்தில் ஒரு ஏரியைப் பார்த்ததும், அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்காமல் 'கண்ணாடி' என்கிறோமே, எப்படி? ஊரில் இருந்த கண் மலையில் எங்கே போயிற்று?

கழற்றி வைத்துவிட்டோம். அந்த இடத்தில் இரவல் கண் ஒன்றை மாட்டிக்கொண்டோம். அது யாருடையது என்பதிலும் ரகசியம் இல்லை. 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அங்கே வீடு கட்டினார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். ஏரி மனிதன் வெட்டியது என்பது அதற்கு இழுக்கில்லை. வீராணமும் மேட்டூரும் மனிதன் கட்டியவைதான். அவை கட்டப்பட்டது பாசனத்துக்கு. இது கட்டப்பட்டதோ, ஊரை விட்டு வந்தவன் தன் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ள. அவன் ஏக்கம் அவனுக்கு நியாயம். அவன் அம்மாவும் ஆப்பிள் மரமும் கடல் தாண்டி இருந்தன. நமக்கு அங்கே யார் இருந்தார்கள்? ஐரோப்பாவுக்குக் கேமரா தூக்கிப்போன சினிமா டூயட்டுகளும் சுற்றுலா விளம்பரமும் நம் மலைகளுக்கு 'சுவிட்சர்லாந்து' என்று பட்டம் கட்டின. வணிகப் பத்திரிகை அதை வாந்தியெடுத்தால் சிரிக்கிறோம். நாமோ அந்தப் பட்டத்தைச் சொல்லாமல் அந்தக் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு அகத்தேடல் என்று பெயரிடுகிறோம்.

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும். சங்கக் கவிகள் மட்டும் மலையிலா குடியிருந்தார்கள்? குறிஞ்சித் திணையும் ஒரு சம்பிரதாயம்தானே, அதுவும் இரவல் கண்ணாடிதானே? ஓரளவுக்குச் சரி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குவதை வெறும் பட்டியல் என்று ஒதுக்கவும் இடமுண்டு. ஆனால் அந்தச் சம்பிரதாயம் கவிஞனிடம் என்ன கேட்டது என்று பாருங்கள். பூவின் பெயர் என்ன, என்ன விளைகிறது, யார் காவல் காக்கிறார்கள், எந்த மிருகம் வந்து தின்கிறது, எந்தப் பறை ஒலிக்கிறது என்று கேட்டது. இவற்றுக்குப் பதில் சொன்ன பிறகே உரிப்பொருளுக்கு வரலாம். நம் நவீனச் சம்பிரதாயம் கேட்பது மூடுபனி ஒன்றுதான். மூடுபனியில் பெயர் தேவையில்லை. பளியர் தேவையில்லை. பூம்பாறைப் பூண்டு தேவையில்லை. ஏரிக்கரைக் குதிரையின் லகானைப் பிடித்து நாளெல்லாம் நடக்கிற பையன் தேவையில்லை.

விட்டுப்போனவை சில்லறைச் சமாசாரங்களும் அல்ல. நாங்கள் உலாவிய ஊரிலேயே, பாம்பார் சோலையை ஒட்டி ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கிடங்குக்குப் போனதை ஜனங்கள் அம்பலப்படுத்தி, 2001-இல் அது மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. இடைப்பட்ட பதினைந்து வருஷத்தில் தமிழில் எத்தனை கொடைக்கானல் கவிதைகள்! உலகத்தின் காதில் விழுந்தது 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் ஆங்கிலத்தில் பாடிய ராப் பாட்டு. ராப் பாட்டைக் கவிதை என்று ஒத்துக்கொள்ள நம்மில் பலருக்கு மனம் வராது. வேண்டாம். அந்தப் பெண் மலையைப் பார்த்தாள் என்பதையாவது ஒத்துக்கொள்ளலாம்.

பார்க்க முடியாது என்பதும் இல்லை. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியைத் தொடர்ந்து போய் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். 1971-இல் வந்தது. குடகு மலையில் நிற்கும்போதும் ஜானகிராமன் டெல்டாக்காரராகவே நிற்கிறார். அந்த ஊற்று தன் ஊர் வாய்க்கால் என்பதை மறப்பதில்லை. 'தீவிர' வாசகர்கள் நாம் அலட்சியமாகத் தள்ளிவைத்த ராஜம் கிருஷ்ணன், நீலகிரியில் வாழ்ந்து, படகர் வாழ்க்கையைக் 'குறிஞ்சித்தே'னில் எழுதினார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சி அங்கே ஒரு ஜனத்தின் காலக் கணக்கு. நமக்கு அது அட்டைப்படம்.

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடிக்கிறேன். கொடைக்கானலுக்கு ஏறுமுன் வத்தலக்குண்டு வருகிறது. 1890-களில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயரின் ஊர். மணிக்கொடியைச் சிறுகதையின் ஏடாக நடத்திய பி. எஸ். ராமையாவின் ஊர். பிறந்தது சின்னமனூரானாலும் சி. சு. செல்லப்பா தன் ஊராகக் கொண்டது அதைத்தான். 1959-இல் செல்லப்பா 'எழுத்'தை ஆரம்பித்திராவிட்டால் நாம் இப்படி ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள ஒரு பக்கம்கூட இருந்திருக்காது. நாங்கள் அந்த ஊரில் நிறுத்தினோம். டீ குடித்தோம். டீயில் சர்க்கரை தூக்கல் என்று பேசிக்கொண்டோம். இலக்கியவாதிகள் நால்வரில் ஒருவருக்கும் எங்கே நிற்கிறோம் என்று தோன்றவில்லை. வீடு திரும்பிய நாலாம் நாள்தான் எனக்கே உறைத்தது. சிம்ப்ளானைத் தாண்டியது தெரியாமல் நின்றவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

என்னைத் தவிர்த்துக்கொள்ளவில்லை. அன்று இரவு நானும் ஒரு கவிதை எழுதினேன். அதிலும் மூடுபனி உண்டு. கிழித்துப்போட்டேன் என்று பெருமையடித்துக்கொள்ள வழியில்லை. மேஜை டிராயரில் இருக்கிறது. நண்பர்களுடைய ஏழு கவிதைகளில் இரண்டைவிட நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் அதை அனுப்பவில்லை.

நம் பத்திரிகைகளுக்கு மலைக்கவிதைகள் இனியும் வரும். கோடை வருகிறது, கார் கிடைக்கிறது. வரட்டும். ஆசிரியர்கள் படிமத்தையும் தொனியையும் சோதிப்பதற்கு முன்னால், எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அஞ்சலட்டை போடட்டும்: நீங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது? பதில் எழுதத் தெரிந்தவர்களின் கவிதையைப் பிரசுரிக்கட்டும். என்னுடையது டிராயரிலேயே இருக்கட்டும்.