வளர்க்கத் தெரிந்தவர், காக்கத் தெரியாதவர்!

(ஒரு பேஸ்பால் பித்தன், மூன்றாம் ஆண்டு வரலாறு)

"கிரிக்கெட்டைப் பற்றி எழுது, கால்பந்தைப் பற்றி எழுது, கபடியைப் பற்றியேனும் எழுது. நம்மில் யாரும் ஆடாத பேஸ்பாலைப் பற்றி எழுதுவானேன்?" என்று கேட்டார் விடுதி நண்பர் ஒருவர். நியாயமான கேள்விதான். நியூயார்க்கில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், கோடையில் நமக்கு விடியற்காலை நாலரை மணி. அந்நேரத்தில் போர்வைக்குள் கைப்பேசியை ஒளித்துக்கொண்டு, நியூயார்க் மெட்ஸ் அணி தோற்பதைப் பார்த்துப் பார்த்து வெந்தவன் நான். அந்த வேதனையை எங்கேனும் கொட்டித் தீர்க்க வேண்டாமா?

பேஸ்பாலில் பந்தெறிபவருக்குப் 'பிட்சர்' என்று பெயர். கிரிக்கெட்டில் ஐந்தாறு பேர் பந்துவீச்சைப் பங்கிட்டுக்கொள்வர். இங்கோ, ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒருவரே ஐந்தாறு இன்னிங்ஸ் தொடர்ந்து எறிவார். பிறகு நான்கைந்து நாள் ஓய்வு. அவர் நன்றாக எறிந்தால் அணிக்கு வாழ்வு, இல்லையேல் தாழ்வு. அவரைத் தேடுவதும், விற்பதும், வாங்குவதும் நிர்வாகத்தின் கையில். நல்ல பிட்சர்களைக் கண்டெடுப்பதில் மெட்ஸ் வல்லவர். கண்டெடுத்தவரைக் காப்பதில் அவர்கள் பலமுறை தவறினர் என்பதே என் கட்சி.

அவசரமும் ஆணவமும்

1962-இல் பிறந்து, அவ்வாண்டே 120 ஆட்டங்களில் தோற்ற அணி இது. அதே அணி 1969-இல் உலகத் தொடரையே வென்றது. அவ்வணியில் இரு இளம் பிட்சர்கள் இருந்தனர். ஒருவர் டாம் சீவர். மற்றவர் நோலன் ரயன்.

ரயனிடம் மின்னல் வேகம் இருந்தது. கட்டுப்பாடு இன்னும் கைவரவில்லை. நிர்வாகத்துக்குப் பொறுமையில்லை. 1971 டிசம்பரில், 24 வயதே ஆன அவரையும் இன்னும் மூவரையும் கலிபோர்னியா அணிக்குக் கொடுத்து, ஜிம் ஃபிரகோசி என்ற ஒரே ஆட்டக்காரரை வாங்கினார்கள். ஃபிரகோசி 1973-லேயே மெட்ஸை விட்டுப் போய்விட்டார். ரயனோ 1993 வரை ஆடினார். 5,714 மட்டையாளர்களை 'ஸ்டிரைக் அவுட்' செய்தார். எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராமல் ஏழு ஆட்டங்களை முடித்தார். இரண்டும் இன்றுவரை எவரும் எட்டாத சாதனைகள்!

சீவர் கதை இன்னும் கசப்பானது. 1966-இல் சீட்டுக் குலுக்கலில் மெட்ஸுக்குக் கிடைத்த செல்வம் அவர். 1969-இல் 25 வெற்றிகள். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது மூன்று முறை. 1977-இல் தம் ஒப்பந்தத்தைத் திருத்தித் தரக் கேட்டார். தலைவராயிருந்த டொனால்ட் கிராண்ட் இணங்கவில்லை. பூசல் பத்திரிகைப் பத்திகளுக்கு ஏறியது. ஜூன் 15 அன்று சீவர் சின்சினாட்டிக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு தொட்டு மூன்றாண்டுகள் தொடர்ந்து மெட்ஸுக்குத் தன் பிரிவில் கடைசி இடம்!

1983-இல் அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். மகிழ்ச்சி ஓராண்டுதான். பிற அணிகள் எடுக்கக் கூடாதவர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டார்கள். 39 வயதுக்காரரை எவர் எடுப்பார் என்ற எண்ணம். சிகாகோ எடுத்துக்கொண்டது! 1985-இல் தமது 300-ஆவது வெற்றியைச் சீவர் நியூயார்க் நகரிலேயே பெற்றார். அணிந்திருந்ததோ சிகாகோவின் சட்டை.

நம் காலத்துக் கதை

"பழங்கதை பேசுகிறாயே!" என்பீர்கள். 2018-ஐப் பாருங்கள். கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் தடுத்து ஆடியவர் ஜேக்கப் டிகிராம். அவரை ஒன்பதாம் சுற்றில் பொறுக்கியெடுத்துப் பிட்சராக வளர்த்தது மெட்ஸ்தான். அந்தப் பெருமை நிர்வாகத்துக்கே. அவ்வாண்டு ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன் மட்டுமே அவர் விட்டுக்கொடுத்தார். கிடைத்த வெற்றி எத்தனை? பத்து. தோல்வி ஒன்பது! அவர் கல்லாய் நின்றார். அவருக்காக ரன் எடுக்க ஆளில்லை. சை யங் விருது அவருக்குக் கிடைத்தது. அணிக்குக் கிடைத்தவை 85 தோல்விகள்.

2022 டிசம்பரில் டிகிராம், ஐந்தாண்டுக்கு 18 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் டெக்சஸ் சென்றார். அன்று நானும் நிர்வாகத்தை ஏசினேன். ஆனால் 2023-இல் ஆறே ஆட்டங்களுக்குப் பின் அவர் முழங்கைக்கு அறுவை சிகிச்சை வந்தது. அவ்வளவு தொகை தரத் தயங்கியதில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கு வேறு: அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்டாமல் விட்டதே குற்றம்.

அதற்குப் பரிகாரமாகச் செய்தது என்ன? பழுத்த மரங்களை விலைக்கு வாங்கியது! 40 வயது வெர்லாண்டர், 39-ஐ எட்டும் ஷெர்சர். ஆளுக்கு ஆண்டுக்கு 4 கோடியே 33 லட்சம் டாலர். 2023-இல் அந்த அணி வென்றது 75, தோற்றது 87. ஆகஸ்டு முதல் தேதிக்குள் இருவரையும் வேறு அணிகளுக்கு அனுப்பி, இளைஞர்களை வாங்கினார்கள். ஐம்பது ஆண்டு சுற்றிவிட்டு நாற்றங்காலுக்கே திரும்பிய கதை!

முடிவாக

யாரிடம் எவ்வினையை ஒப்படைப்பது என்பதற்குத் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆளைத் தேர்வதோடு தலைவன் கடமை தீர்வதில்லை. அவன் வேலை செய்ய வழிசெய்து தருவதும் கடமையே. விளையாட்டுக்கு மட்டுமா இது பொருந்தும்?

மெட்ஸ் மைதானத்தின் இன்றைய முகவரி, '41, சீவர் வே'. 41 அவர் அணிந்த எண். 2019-இல்தான் தெருவுக்கு அவர் பெயர் வந்தது. 2020-இல் அவர் மறைந்தார். 2022-இல் சிலை எழுந்தது. சிலை நன்று, தெருப்பெயரும் நன்று. ஆனால் 1977-இல் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்து, சினமின்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தால், அது அவற்றினும் நன்றாய் இருந்திருக்கும்!

இவ்வளவு ஏசிவிட்டு நாளை விடியற்காலை என்ன செய்வாய் என்கிறீர்களா? நாலரை மணிக்கு அலாரம் வைத்தாயிற்று!