கறுப்புத் திரைக்கும் ஒழுங்கு வேண்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், கமாண்ட் பிராம்ப்ட் என்றாலே ஒதுங்கிவிடுகிறார்கள். கறுப்புத் திரையில் தடதடவென ஓடும் வரிகளைப் பார்த்தால் பயம் வருவது இயல்புதான். ஆனால் குறை உங்களிடம் இல்லை. அந்த வரிகளை அடுக்கிய விதத்தில்தான் இருக்கிறது என்பேன்.

என் அனுபவத்தைக் கேளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த குடும்பப் படங்களை வேறொரு டிஸ்க்கிற்கு மாற்ற, ஒரு சிறிய இலவச புரோகிராமைக் கமாண்ட் பிராம்ப்ட்டில் இயக்கினேன். ஆயிரக்கணக்கான பைல் பெயர்கள் ஓடின. கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு வரி வந்தது. அதை நம்பிப் பழைய டிஸ்க்கை பார்மட் செய்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்த போல்டர் காப்பி ஆகவே இல்லை! ரெக்கவரி சாப்ட்வேர் போட்டும் பாதிப் படங்கள்தான் திரும்பக் கிடைத்தன.

அந்த புரோகிராம் பிழையைச் சொல்லாமல் இல்லை. நடுவில் எங்கோ, மற்ற வரிகளைப் போலவே எழுதிவிட்டு ஓடிவிட்டது. இதுவும் சொல்லாததும் ஒன்றுதானே?

விஸ்டா முதல் விண்டோஸுடனேயே வரும் ரோபோகாப்பியைப் பாருங்கள். இறுதியில் ஒரு சிறிய அட்டவணை தருகிறது. மொத்தம் எத்தனை பைல்கள், காப்பியானவை எத்தனை, தோல்வியடைந்தவை எத்தனை என்று தனித்தனிக் கட்டங்களில் எண்கள் நிற்கும். தோல்விக் கட்டத்தில் 0 இருந்தால் நிம்மதி. டிர் கட்டளை பைல் அளவை 1,048,576 என்று கமா போட்டு வலப்புறம் ஒழுங்காக அடுக்குகிறது. லினக்ஸில் டிஎப் கட்டளையுடன் -எச் சேர்த்தால், நீளமான எண்கள் ஜிபி, எம்பி கணக்கில் சுருங்கி வருகின்றன. இவற்றில் எதற்கும் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. படிப்பவரைப் பற்றிய அக்கறை போதும்.

சிலர் பிழையைச் சிவப்பில் காட்டினால் போதும் என்கிறார்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? நிறம் துணையாக இருக்கட்டும். 'பிழை' என்ற சொல்லும் வரியின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். எத்தனை பிழைகள் என்பது கடைசி வரியில் வர வேண்டும். புரோகிராம் எழுதுபவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். கட்டளையின் முடிவில் > குறியும் ஒரு பைல் பெயரும் தந்து, ஓர் இடம் விட்டு 2>&1 என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். பிழைச் செய்திகள் உட்பட எல்லா வரிகளும் அந்த பைலில் பதிவாகும். அதை நோட்பேடில் திறந்து எரர், பெயில்டு என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். இரண்டு டிஸ்க்கிலும் பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக உள்ளதா என்றும் பாருங்கள். அதன் பிறகே பழையதை அழியுங்கள். 'முடிந்தது' என்ற ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள்.