கோழி வறுத்த போலீஸார்

கொரியப் படம் என்று சொன்ன மாத்திரத்தில் லண்டனிலுள்ள நம்மவர்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். சுத்தியலும் ரத்தமும் பழிவாங்கலும் இல்லாமல் அந்த நாட்டார் ஒரு கதையைச் சொல்லி முடிப்பார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. இந்த அபிப்பிராயம் காரணமின்றி உண்டானதன்று. இந்நகரிலிருந்து வியாபாரம் நடத்திய டார்டன் பிலிம்ஸ் என்னும் கம்பெனி, 2000-களின் தொடக்கத்தில் ‘ஏஷியா எக்ஸ்ட்ரீம்’ என்றொரு முத்திரையை உண்டாக்கி, கீழ்த்திசைப் படங்களில் குரூரத்துக்கும் பயங்கரத்துக்கும் பேர்போனவற்றையே பொறுக்கியெடுத்துக் கடைபரப்பிற்று. 2004-இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பரிசு பெற்ற ‘ஓல்ட்பாய்’ படத்தை பிரிட்டிஷ் ரசிகர்களுக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கம்பெனிதான். 2008-இல் கம்பெனி நொடித்துப் போயிற்று. அது விதைத்த எண்ணமோ செழித்து நிற்கிறது. பின்னர் ஆஸ்கர் வரை சென்ற ‘பாரசைட்’, முதல் பாதி முழுவதும் நம்மைச் சிரிக்க வைத்தும்கூட, கடைசியில் கத்தியை எடுத்துவிட்டபடியால், பழைய தீர்ப்பே ஊர்ஜிதமாயிற்று.

இத்தகைய மனோபாவத்தோடு, நண்பர் ஒருவரின் நிர்ப்பந்தத்துக்காக, லீ பியோங்-ஹியோன் இயக்கி 2019 ஜனவரியில் வெளிவந்த ‘எக்ஸ்ட்ரீம் ஜாப்’ படத்தின் முன் உட்காருகிறவர், அரைமணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார் என்று நான் உத்தரவாதம் தருவேன். போதைப்பொருள் தடுப்புப் பிரிவில், எதைத் தொட்டாலும் கெடுக்கும் ஐந்து போலீஸார். தலைவருக்கோ பதவி உயர்வு தட்டிப்போய், இளையவர் ஒருவர் தம்மை முந்திவிட்ட ஏக்கம். கள்ளக்கும்பலின் ஜாகைக்கு எதிரே ஈயாடும் வறுத்த கோழிக் கடையில் உட்கார்ந்து வேவு பார்க்கிறார்கள். வியாபாரமில்லாத கடையை முதலாளி விற்க முனையவே, தலைவர் தம் ஓய்வுத் தொகையைப் போட்டு அதை வாங்குகிறார். சந்தேகம் வராதிருக்க யாராவது சமைத்தாக வேண்டுமே! ஐவரில் ஒருவர், சுவோன் நகரில் தம் பெற்றோர் நடத்தும் விலா இறைச்சிக் கடையின் மசாலாவைக் கோழியில் தடவிப் பொரிக்கிறார். அவ்வளவுதான், ஊர் திரண்டு வாசலில் நிற்கிறது. கூட்டத்தைக் குறைக்க விலையை ஏற்றினால் மதிப்பும் கூட ஏறுகிறது. வெங்காயம் உரிக்கவும் மேஜை துடைக்கவும் ஓடுகிற அவசரத்தில், எதிர்வீட்டுக் கள்ளர்கள் வெளியே போவதைக் கவனிக்க ஆளில்லை. கடமை தவறாத ஒருவர் மட்டும் தனியே பின்தொடர்ந்து சென்று உதவி கேட்டால், கடையில் யாருக்கும் கை ஒழிவதில்லை.

இந்த ஹாஸ்யத்தின் வேர் ஜீவனோபாயத்தில் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உத்தியோகம் இழந்த கொரியர்களும், அதன் பிறகு நடுவயதில் ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டவர்களும், கையில் கிடைத்த தொகையை முதலாகப் போட்டுக் கோழிக்கடை திறப்பது அங்கே சகஜமான வாழ்க்கைக் கதை. அநேகர் அதில் முதலையும் இழந்தார்கள். ஆகவே, வாழ்நாளெல்லாம் தோற்ற போலீஸ்காரர் ஒருவர் கோழி வறுப்பதில் ஜயித்து, கள்ளனைப் பிடிப்பதா, கல்லாவைக் கவனிப்பதா என்று திண்டாடுவதைக் கண்டு அந்த ஜனங்கள் சிரித்தது தங்கள் கவலையைப் பார்த்தேயாகும். ஐந்து கோடிக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகையுள்ள தேசத்தில் 1 கோடியே 62 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. அந்நாள் வரையில் அதை விஞ்சியது 2014-இல் வந்த கடற்போர்ப் படம் ஒன்றே.

நம் தமிழ்ப் படங்களில் கலைவாணர் காலந்தொட்டு ஹாஸ்யத்துக்கென்று தனி நடிகர், தனிக் கிளைக்கதை, தனிக் காட்சி என்று ஒதுக்கிவைக்கும் சம்பிரதாயம் வேரூன்றியது. கதாநாயகன் அழவும் அடிக்கவும், மற்றொருவர் சிரிக்க வைக்கவும் என்று வேலைப் பிரிவினை. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) போல, கதை முழுவதுமே சிரிப்பாக அமைந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. கொரியப் படத்திலோ வீரரும் விதூஷகரும் ஒருவரே. குறை இல்லாமலில்லை: இறுதியில் அந்த ஐவரும் திடீரென்று சண்டைப் புலிகளாக மாறித் துறைமுகத்தில் நெடுநேரம் கைகலப்பது, சிரிப்பில் கிடைத்த லாபத்தில் சிறிது பாகத்தைச் செலவழித்துவிடுகிறது.

‘ஸ்குவிட் கேம்’ தொடரைப் பார்த்து உறக்கம் கெட்ட வீடுகள் லண்டனில் ஏராளம். அத்தொடரை இயக்கிய ஹ்வாங் டோங்-ஹியுக், 2014-இல் ‘மிஸ் கிரானி’ என்ற பெயரில், மூதாட்டி ஒருத்தி இருபது வயதுப் பெண்ணாகிவிடும் ரசமான ஹாஸ்யப் படத்தை எடுத்தவர் என்பதும், அது பல ஆசிய மொழிகளில் மறுபிறவி எடுத்து, 2019-இல் சமந்தா நடிக்கத் தெலுங்கில் ‘ஓ பேபி’யாக வந்தது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? பயங்கரம் மட்டும் கடல் கடந்து பிரசித்தியாகிறது. ஹாஸ்யம் உள்ளூர்ச் சரக்கு என்று மூட்டை கட்டப்படுகிறது.

கொரியர்கள் நமக்கு அந்நியரும் அல்லர். ஐரோப்பாவிலேயே கொரியர்கள் மிகுதியாக வாழும் நியூ மால்டனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. இரு சாராரின் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், பெரியவர்களோ ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு தலையசைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2006 முதல் நடந்துவரும் லண்டன் கொரியத் திரைப்பட விழாவின் நிர்வாகிகளும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் பிடிக்கும் நம் சங்கங்களும் சேர்ந்து, அந்த வட்டாரத்தில் ஒரு மாலை இப்படத்தைத் தமிழ் வசனவரிகளோடு திரையிட்டால் என்ன? பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. அதுவரை காத்திருக்கப் பொறுமையில்லாத வாசகர், இந்த வார இறுதியிலேயே வீட்டுப் பெரியவர்களையும் கூட உட்கார வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம். பரிசு பெற்ற சோகப் படங்கள் எங்கும் ஓடிப்போய்விடமாட்டா.