வாயு மருந்தும் எச்.ஐ.வி. மாத்திரையும்

புக்கிட் பெலண்டோக் என்றால் நம்மவர்கள் இன்னமும் "ஓ, அந்த நிப்பா இடமா?" என்றுதான் கேட்கிறார்கள். 1998, 99இல் வந்துபோன நோய். அங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே கிருமிக்கும் வைத்துவிட்டார்கள். மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். கால் நூற்றாண்டு ஓடிய பிறகும் பெயர் விடவில்லை. நோயின் பெயர் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்கள் மாத்திரையை ஒளித்து வைப்பதும் அந்தப் பயத்தினால்தான். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் தோட்டம் முழுக்கத் தெரியும். யாரிடம் சொல்வது என்பது அவரவர் உரிமை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஃபார்மசியில் வேறு மருந்து வாங்கும்போதும் மறைப்பதுதான் சிக்கல்.

டோலுடெக்ராவிர் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் முதல்நிலை சிகிச்சைக்கு இதைத்தான் பரிந்துரைத்தது. கிருமி பெருகுவதற்கு ஒரு நொதி வேண்டும். அந்த நொதியிலுள்ள மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு அதை முடக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. ஆனால் அதற்கு நொதியில் உள்ள மக்னீசியம் எது, வயிற்றில் உள்ள மக்னீசியம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது!

காலையில் சம்பலை அள்ளிப்போட்டு நாசி லெமாக் சாப்பிடுகிறோம். நெஞ்செரிச்சல். மக்னீசியமும் அலுமினியமும் கலந்த வெள்ளை வாயு மருந்தைக் குடித்துவிட்டு, கையோடு மாத்திரையையும் விழுங்குகிறோம். மாத்திரை வயிற்றிலேயே அந்த உலோகங்களோடு ஒட்டிக்கொள்கிறது. ஆய்வில் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தபோது, உடம்பில் சேரும் மருந்து 74 சதவீதம் குறைந்தது. ஒருநாள்கூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டவர்தான், ஆனால் உள்ளே போனது கால்வாசி. கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தால் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது என்ற நிம்மதி இருக்கிறதே, இப்படியே தொடர்ந்தால் அதற்கும் ஆபத்து.

வாயு மருந்தே கூடாது என்பதில்லை. டோலுடெக்ராவிரை முதலில் விழுங்கினால் 2 மணி நேரம் கழித்து வாயு மருந்து. வாயு மருந்தை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். வெறும் வயிற்றில் சேர்த்து எடுத்தால்தான் தொல்லை. சாப்பாட்டோடு மூன்றையும் சேர்த்தே எடுக்கலாம். கர்ப்பிணிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிளினிக்கில் இரும்புச்சத்து கொடுப்பார்கள், எச்.ஐ.வி. மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் நாம் சான்றிதழ் வாங்கியதற்குப் பின்னால் இப்படி ஒழுங்காக மாத்திரை எடுத்த அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு டோலுடெக்ராவிருக்கு மட்டும். ரில்பிவிரின் எடுப்பவர் ஒமிப்ரசோல் பக்கமே போகக்கூடாது. ரிட்டோனவிர் சேர்ந்த மருந்து எடுப்பவருக்கு, மூக்கடைப்புக்கு அடிக்கும் ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரேகூட உடம்பில் தேங்கி முகத்தை வீங்க வைக்கும். டெனோஃபோவிர் எடுப்பவர் மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக்கை நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது. அளவோடு பெனடோல் பரவாயில்லை.

பாசாரில் விற்கும் "மூட்டுவலிக்கு இயற்கை மருந்து" இன்னொரு தலைவலி. MAL என்பதை ஆங்கில எழுத்தில் தேடுங்கள்: 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்று நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது? நோயின் பெயரைச் சொல்லவே வேண்டாம். மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி மருந்தாளரிடம் நீட்டி, "இதோடு இதை எடுக்கலாமா?" என்றால் போதும். அவருக்குப் புரிந்துவிடும், வெளியே சொல்லவும் கூடாது. தெரிந்தவர்கள் வரும் கடை என்று கூச்சமாக இருந்தால், மாத்திரை கொடுத்த ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவுக்கே போன் போடுங்கள். வாயு மருந்தைத் திறப்பதற்கு முன்னால்.