ஒன்பது நாடு, பன்னிரண்டு நாள், ஒரே பஸ்

முதல்லயே சொல்லிடறேன், ஊர் சுத்தறதுக்கு நான் எதிரி இல்லீங்க. நான் எதிர்க்கிறது ஒரே ஒரு சரக்கைத்தான். "12 நாளில் 9 நாடு"ன்னு பளபளா நோட்டீஸ் அடிச்சு நம்ம ஆட்கள் தலையில கட்டற ஐரோப்பா குரூப் டூர். பெங்களூர்ல குப்பை கொட்ட ஆரம்பிச்சு இருபது வருஷம் ஆச்சு. மார்ச் மாசம் வந்தா போதும், எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல குழாய் ரிப்பேர்காரர் நம்பருக்குப் பக்கத்துல ஈஃபில் டவர் வந்து உக்காந்துக்கும்.

இதை வாங்கறவங்கள்ல பாதிப் பேர் போறவங்களே இல்லை. வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்க அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிறாங்க. அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசு, ரிடையர்மெண்ட்டுக்குப் பரிசு. அதனாலதான் இதை எழுதறேன். நம்ம காசு போறது இருக்கட்டும், அவங்க முட்டிங்க போகுது.

போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நோட்டீஸ் கொண்டு வந்து காட்டினார். ரெண்டு பேருக்கு ஏழரை லட்சம். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா, இத்தாலி, வாடிகன். எண்ணிப் பாருங்க, ஒன்பது சரியா வருது. ஆனா அந்த வாடிகன் மொத்தமே 44 ஹெக்டேர். நம்ம லால்பாக் 240 ஏக்கர், அதுல பாதி கூட இல்லை. லிக்டன்ஸ்டைன் 160 சதுர கிலோமீட்டர், சுவிஸ்லேர்ந்து ஆஸ்திரியா போற வழியில இருக்கு. பஸ்சை அரை மணி நிறுத்தினா ஒரு நாடு கணக்குல ஏறிடும். கல்யாண வீட்டுல ஊறுகாயையும் அப்பளத்தையும் ஐட்டம் கணக்குல சேர்க்கிற சமையல்காரர் வேலைதான் இது.

பி.காம். படிச்சவன், பேங்க்ல வேலை. கணக்குப் போடாம விட முடியுமா? :-)

பன்னிரண்டு நாள்ல முதல் நாளும் கடைசி நாளும் ஏர்போர்ட்டுக்கு. பாக்கி பத்து நாள். தூக்கம், குளியல், சாப்பாடு எல்லாத்துக்கும் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிடுங்க. மிச்சம் 120 மணி. பாரிஸ்ல ஆரம்பிச்சு ரோம்ல முடியற அந்த வழியைச் சேர்த்துக் கூட்டினா கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர் வருது. பெங்களூர்லேர்ந்து டெல்லிக்கே 2,150தான். அதுக்கு 40 மணி போச்சு. நாப்பது பேர் இறங்கி, பாத்ரூம் போய், தலை எண்ணி, ஏறறதுக்கு ஒரு நாளைக்கு ரெண்டரை மணின்னா 25 மணி. கடிகாரக் கடை, கிரிஸ்டல் கடை, கண்ணாடிப் பட்டறை, லெதர் கடைன்னு கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு 10 மணி. மிச்சம் 45 மணி நேரம். நாட்டுக்கு அஞ்சு மணி! ஏழரை லட்சத்தை 45ஆல வகுத்தா மணிக்கு 16,666 ரூபாய். இது என் உத்தேசக் கணக்குதான். நீங்க வேற மாதிரி போட்டாலும் பெரிசா மாறாது.

அங்கே பஸ் ஓட்டறவருக்குச் சட்டம் இருக்கு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகணும். ரொம்ப நல்ல சட்டம். ஆனா அதோட விளைவு என்ன? "அண்ணே, இன்னொரு அரை மணி"ன்னு கெஞ்ச வழியில்லை. அவருக்கு நேரம் ஆச்சுன்னா உங்க அம்மா ஃப்ளாரன்ஸ்ல பார்த்துக்கிட்டிருக்கிறதைப் பாதியில விட்டுட்டு ஓடி வரணும். ஓட்டுநருக்குக் கட்டாய ஓய்வு இருக்கு, அறுபத்தஞ்சு வயசு பயணிக்கு இல்லை.

நம்ம ஊர்ல நவக்கிரக டூர் இல்லையா, ஒரே நாள்ல ஒன்பது கோயில்? இருக்கு. கும்பகோணத்துலேர்ந்து அரசு பஸ்சே 2024லேர்ந்து விடறாங்க. ஆனா அங்கே ஒன்பதுங்கிறது வேண்டுதல். ஒண்ணை விட்டா சுத்து முடியாது. தரிசனம் ஒரு நிமிஷம்னாலும் போன காரியம் நிறைவேறிடும். ஐரோப்பாவுல ஒன்பது நாட்டைச் சுத்தறேன்னு யார் வேண்டிக்கிட்டா?

சரி, வழக்கமா சொல்ற நியாயங்களுக்கு வருவோம்.

ஒண்ணு, "விசா தொல்லை, ஒரே தடவையில எல்லாத்தையும் பார்த்துடலாம்". ஷெங்கன் விசா ஒண்ணு எடுத்தா 29 நாட்டுக்குச் செல்லும். 2024 ஜூன்ல பெரியவங்களுக்கான கட்டணத்தை 90 யூரோ ஆக்கினாங்க. ஒரு நாடு போனாலும் ஒன்பது போனாலும் அதே கட்டணம்தான். பந்தியில எல்லாம் பரிமாறினாங்கன்னு எல்லாத்தையும் தின்னே தீரணுமா? அதே வருஷம் ஏப்ரல்ல இந்தியர்களுக்கு விதியைத் தளர்த்தினாங்க. மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு விசா வாங்கி ஒழுங்கா பயன்படுத்தியிருந்தா ரெண்டு வருஷ விசாவுக்கு வாய்ப்பு இருக்கு. "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை"ங்கிறது டூர்க்காரங்க நமக்குப் போட்டு விட்ட பயம்.

ரெண்டு, "சாப்பாடு". இது நியாயமான கவலை, கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா பாரிஸ்ல ரயில் நிலையமான கார் து நோர்லேர்ந்து நடக்கிற தூரத்துல லா ஷப்பெல் இருக்கு. ஈழத் தமிழர்கள் கடை வச்சிருக்கிற தெரு. தோசை கிடைக்கும், தமிழ்ல பேசலாம், பக்கத்துலயே மாணிக்க விநாயகர் கோயில். எங்க பக்கத்து வீட்டு நோட்டீஸ்ல பாரிசுக்கு ரெண்டு ராத்திரி, அதுல லா ஷப்பெல் பேரே இல்லை. வாசனைத் திரவியக் கடை மட்டும் இருக்கு.

மூணு, "மொழி தெரியாது, பெரியவங்க தனியா எப்படிப் போவாங்க?" இதுக்குத்தான் குரூப் டூர் தேவை, ஒத்துக்கிறேன். 1841ல தாமஸ் குக் லெஸ்டர்லேர்ந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங்குக்கு ஆட்களை ரயில்ல கூட்டிட்டுப் போனாரே, அன்னிலேர்ந்து எளிய மனுஷங்களை வெளியே கொண்டு வந்தது இந்த ஏற்பாடுதான். குரூப்பா போறது தப்பில்லை. எண்ணிக்கையைக் கூட்டறதுதான் தப்பு. பத்து நாள்ல ரெண்டு நாடுன்னு கேளுங்க. பாரிஸ்ல அஞ்சு ராத்திரி, சுவிஸ்ல நாலு ராத்திரி. பாரிஸ்-சூரிக் அதிவேக ரயில்ல சுமார் நாலு மணி நேரம்தான். தினம் காலையில ஆறு மணிக்குப் பெட்டியை ரூம் வாசல்ல வைக்கிற கொடுமை இல்லை. அப்பா காலையில நடந்துட்டு வந்து, "அந்த முக்கு ரொட்டிக்கடைக்காரன் இன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சான்"னு சொல்லுவார். மணிக்கு 16,666 கொடுத்தும் இது கிடைக்காது.

அடுத்தது கடன். 5 லட்சம், 12 சதவீத வட்டி, மூணு வருஷம்னா மாசத் தவணை 16,607. வட்டி மட்டும் 98 ஆயிரத்துக்குக் கிட்ட. கடன் வாங்கிப் போகவே கூடாதான்னு கேட்டா, கொச்சி டீக்கடை விஜயன்-மோகனா தம்பதியை எப்படி மறக்கிறது? டீ வித்துச் சேர்த்தாங்க, பத்தாததுக்குக் கடன் வாங்கினாங்க, அடைச்சாங்க, மறுபடி கிளம்பினாங்க. 2021 நவம்பர்ல விஜயன் காலமாகறதுக்குள்ள 26 நாடு பார்த்துட்டாங்க. அது அவங்களோட ஆசை, அவங்களே அடைச்ச கடன். நோட்டீஸ் தூண்டிவிட்ட ஆசைக்கு அப்பாவோட டெபாசிட்டை உடைக்கிறது வேற கதை.

கட்டறதுக்கு முன்னாடி இதையெல்லாம் எழுத்துல கேட்டு வாங்குங்க. ஒரு ஓட்டல்ல எத்தனை ராத்திரி? ஓட்டல் ஊருக்குள்ளயா, முப்பது கிலோமீட்டர் தள்ளியா? தினம் பஸ்ல எத்தனை மணி? எதெல்லாம் உள்ளே நுழைஞ்சு பார்க்கிறது, எதெல்லாம் வெளியில நின்னு போட்டோ எடுக்கிறது? எது தனிக் காசு? விசா கிடைக்கலைன்னா எவ்வளவு திரும்ப வரும்? அப்புறம், வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 2020 அக்டோபர்லேர்ந்து முன்வரி பிடிக்கிறாங்க. விகிதம் அடிக்கடி மாறுது, கட்டற அன்னிக்கு என்னன்னு பாருங்க. அது போன காசு இல்லை. யார் பான் நம்பர் கொடுத்தீங்களோ அவங்க கணக்குல ஏறும். அப்பாவுக்கு வரியே வராதுன்னாலும் ரிட்டர்ன் போட்டாத்தான் அது திரும்ப வரும். நிறைய பேர் இதை அப்படியே விட்டுடறாங்க.

கடைசியா ஒண்ணு. அப்பா அம்மா கிட்ட "எங்கே போகணும்"னு கேட்டீங்களா? எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு மகன் ஐரோப்பா டிக்கெட் எடுத்தான். அவங்க கேட்டது, "நீயும் வர்றியா?" லீவு இல்லைன்னு சொல்லிட்டான். அவங்களுக்கு ஒன்பது நாடு வேண்டாம்யா. உங்களோட ஒரு வாரம் வேணும், அது பாரிஸா இருந்தா என்ன, பாபநாசமா இருந்தா என்ன?

டிஸ்கி: தங்கமணி இதைப் படிச்சுட்டு, "அதெல்லாம் சரி, நம்ம ரெண்டு நாடு எப்போ?"ன்னு கேட்டுட்டாங்க. பதில் யோசிச்சுக்கிட்டிருக்கேன் :-)