ஒளியோடு ஒளி சேர்ந்தால் இருளா?

விளக்கு எரியும் அறையில் மற்றொரு விளக்கையும் ஏற்றினால் வெளிச்சம் மிகும். இது சிறு குழந்தையும் அறிந்த உண்மை. ஆனால், ஒளியோடு ஒளி சேர்ந்து இருளும் பிறக்கக்கூடும் என்றால் நம்புவீர்களா? கேட்டு நம்ப வேண்டியதில்லை, கண்டே தெளியலாம். விடுமுறை நாளொன்றில் பெற்றோர் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து இச்சோதனையைச் செய்து பார்ப்பார்களாக.

வேண்டிய பொருள்கள் யாவும் வீட்டிலேயே உள்ளன. அகன்ற கிண்ணத்தில் நீர் ஊற்றிச் சோப்பைக் கரைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளையல் ஒன்றில் நூல் கட்டி, அந்நீரில் முக்கி மெல்ல எடுங்கள். வளையலுக்குள் மெல்லிய படலம் ஒன்று நிற்கும். காற்று வீசாத இடத்தில், பின்புறம் கறுப்புத் துணி இருக்குமாறு அதனைத் தொங்கவிட்டு, சன்னல் வெளிச்சம் படலத்தில் பிரதிபலிக்கும் வண்ணம் நின்று நோக்குங்கள். சூரியனின் பிம்பத்தை மட்டும் அதில் பார்த்தல் ஆகாது, கண்ணுக்குத் தீங்கு.

சிறிது நேரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கிடைக்கோட்டுப் பட்டைகள் தோன்றிக் கீழ்நோக்கி இறங்கும். பின்னர்ப் படலத்தின் உச்சி வெள்ளிபோல் வெளுத்து, முடிவில் கருமையாகும். அங்கே படலம் கிழிந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டா. துளை விழுந்திருந்தால் படலம் முழுவதும் நொடியில் உடைந்திருக்கும் அன்றோ?

இதன் காரணத்தைக் காண்போம். படலத்தின் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் ஒளி பிரதிபலித்து நம் கண்ணை அடைகிறது. ஒளி அலையாகச் செல்வது. இரு அலைகளின் முகடும் முகடும் பொருந்தினால் ஒளி மிகும். முகடும் பள்ளமும் பொருந்தினால் ஒன்றையொன்று அழிக்கும். இதுவே குறுக்கீட்டு விளைவு. ஊதா ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் 4 பங்கு. சிவப்புக்கு ஏறக்குறைய 7 பங்கு. ஆகையால், படலத்தின் தடிமனுக்கேற்ப இடத்துக்கு இடம் வெவ்வேறு நிறங்கள் மங்க, எஞ்சியவை நமக்குத் தோன்றுகின்றன. சோப்பில் சாயம் ஏதும் இல்லை.

நீர் கீழே வடிய வடிய உச்சி மெலிந்து, அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கினும் குறைகிறது. இரு அலைகளும் கடக்கும் தொலைவில் அங்கே வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். ஆயினும், முன்பக்கத்தில் பிரதிபலிக்கும் அலை தலைகீழாகத் திரும்புகிறது. பின்பக்கத்து அலை அவ்வாறு திரும்புவதில்லை. எனவே முகடு பள்ளத்தின் மேல் விழ, இருள் தோன்றுகிறது. ஒளி அழிந்துபோவதில்லை, பிரதிபலிக்காமல் படலத்தைக் கடந்து அப்பால் செல்கிறது.

ஒளி பட்ட இடத்தில் மேலும் ஒளி சேர்ந்தால் அவ்விடம் இருளக்கூடும் என்று முதலில் எழுதியவர் இத்தாலியின் பொலோஞா நகரத்து இயேசு சபைக் குரு கிரிமால்டி. அவர் 1663-ல் மறைந்தார். அவரது நூல் 1665-ல் வெளிவந்தது. சோப்புக் குமிழியின் உச்சியில் தோன்றும் கரும்புள்ளியை நியூட்டனும் கண்டு தம் நூலில் குறித்தார். ஆயினும் ஒளியை அவர் துகள்களாகவே கருதினார். 1801-ல் தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நிறங்களை அலைக்கொள்கையால் விளக்கினார். நியூட்டனை மறுப்பதா என்று அவரை ஏளனம் செய்தோர் உண்டு. 1819-ல் பாரிசு அறிவியல் கழகம் ஃபிரெனெலின் கட்டுரைக்குப் பரிசளித்த பின்னரே அலைக்கொள்கை வலுப்பெற்றது.

மேதையின் சொல்லையும் சோதித்து அறிவது மேதையை அவமதிப்பதன்று. பிள்ளைகள் வினவும்போது, "புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். வளையலையும் சோப்புநீரையும் அவர்கள் கையில் கொடுங்கள். படலம் உடைந்தால் மீண்டும் முக்கி எடுக்கட்டும். உச்சி கறுக்கும் அந்தக் கணத்தை அவர்களே கண்டு உங்களை அழைக்கட்டும்.